கார்னோ: நெருப்பின் வலிமையை அளந்தவர்

வெப்ப இயக்கவியல் பயிலும் நம்மில் பலருக்குக் கார்னோ என்பது ஒரு சுழற்சியின் பெயர். தேர்வில் வரைந்து காட்டவேண்டிய நான்கு கோடுகளின் பெயர். அப்பெயருக்குரியவர் 36 ஆண்டுகளே வாழ்ந்து, தம் உழைப்பின் பயனைக் காணாமல் மறைந்தவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஸாதி கார்னோ 1796-ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்தார். தந்தையார் லஸார் கார்னோ, பிரெஞ்சுப் புரட்சியின் படைகளை உருவாக்கிய பெருமகன், கணித வல்லுநருங்கூட. பாரசீகக் கவிஞர் ஸாதியின் பெயரை மகனுக்கு இட்டார். மகன் ராணுவப் பொறியாளரானார். நெப்போலியன் வீழ்ந்தபின் தந்தை நாட்டைவிட்டு வெளியேற்றப்பட, மகன் நீராவி எந்திர ஆராய்ச்சியில் மனத்தைச் செலுத்தினார்.

எந்திரம் செய்தோர் அந்நாளில் பலர். குறிப்பிட்ட அளவு வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலைக்கு எல்லை உண்டா என்ற கேள்விக்குப் பொதுவிடை கண்டவர் கார்னோ. 1824-இல் வெளியிட்ட சிறு நூலில் அதனை விளக்கினார். உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் இறங்கும்போதுதான் வேலை பிறக்கிறது. அதன் எல்லையை முடிவு செய்பவை அவ்விரு வெப்பநிலைகளே. எந்திரத்தினுள் இருப்பது நீராவியா, காற்றா என்பதன்று. இன்றைய கணக்கில், 500 கெல்வினில் வெப்பம் பெற்று 300 கெல்வினில் விடும் எந்திரம் நூற்றுக்கு 40 பங்குக்குமேல் வேலையாக்க இயலாது. இரண்டாம் விதியின் வித்து இதுவே.

ஆயினும் நூலில் ஒரு பிழை இருந்தது. வெப்பம் அழியாத ஒரு பாய்பொருள் என்ற அக்காலக் கொள்கையையே அவர் அடிப்படையாகக் கொண்டிருந்தார். பின்னர் அவரே அதனை ஐயுற்றார். வெப்பம் இயக்கத்தின் வடிவமே, வேலை தோன்றும்போது அது செலவாகிறது என்று தம் குறிப்புகளில் எழுதினார். ஒரு கிலோகலோரிக்கு ஏறத்தாழ 370 கிலோகிராம்-மீட்டர் வேலை என்றும் கணக்கிட்டார். இன்றைய அளவு 427. மேயரும் ஜூலும் 1842, 1843-இல் வெளியிட்ட முதல் விதியின் கருத்தை அவர் முன்னரே எட்டிவிட்டார்!

அதனை உலகுக்கு உரைக்குமுன், 1832 ஆகஸ்டில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. 1834-இல் கிளாபெய்ரோன் அவர் நூலுக்கு உயிரூட்டினார். 1848-இல் கெல்வின் அதன்மேல் தனி வெப்பநிலை அளவையை அமைத்தார். 1850-இல் கிளாசியஸ் பிழையை நீக்கி இரு விதிகளையும் இணைத்தார். கார்னோவின் குறிப்புகளோ தம்பியின் முயற்சியால் 1878-இல்தான் வெளிவந்தன.

தாம் அச்சிட்ட நூலையே மறுத்தெழுதும் துணிவு எளிதன்று. இனி அந்நான்கு கோடுகளை வரையும்போது, அவற்றின் பின்னுள்ள அந்த நேர்மையையும் நினைவோமாக.