பந்து மட்டும் வீசப் பணிக்கப்பட்டவர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

தக்கலையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வந்து போகிறவன் நான். என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நானே. கால்பந்து என்றால் எனக்கு உயிர். கிரிக்கெட்டில் அவ்வளவு நாட்டம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தது ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பகுதியில் ஒரு கால்பந்துக் குழு இருக்கிறது. அதில் என் நண்பன் ஒருவன் ஆடுகிறான். விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்விட்டு, மாலையில் திடலுக்கு வருவான். அவனுடைய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! பந்து காலில் பட்டுவிட்டால் மூன்று பேரைக் கடந்து போவது அவனுக்கு விளையாட்டு. ஆனால் நான்கு ஆண்டுகளாக அவன் பின்காவலில்தான் நிற்கிறான். பந்தைப் பறித்து முன்னால் இருப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. கோல் கம்பத்தில் வலை கட்டுவதும், கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பதும் அவன் பொறுப்பே. அவன் வராத நாளில் குழு தோற்றுப் போகும். ஆகையால் அவனைக் குழு பயன்படுத்தவில்லை என்று யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனிடம் உள்ளது முழுவதையும் பயன்படுத்துகிறதா? இந்தக் கேள்வியை மனத்தில் போட்டு உழப்பிக் கொண்டிருந்த காலத்தில்தான் நூலகத்தில் பல்வாங்கர் பாலுவின் வரலாற்றைப் படித்தேன். நூறாண்டுக்கு முன்பு வாழ்ந்த ஒருவர் என் நண்பனுக்கு அண்ணன் போலத் தோன்றினார்.

பாலு 1876ஆம் ஆண்டில் தார்வாடில் பிறந்தார். அன்றைய சாதி அடுக்கில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாமர் குலம் அவருடையது. தந்தையார் பூனாவில் படைத்துறை சார்ந்த பணியில் இருந்தார். ராணுவ அதிகாரிகள் தேய்ந்து போனதென்று கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினார்கள். படிப்பு நீளவில்லை. பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் திடலைக் கூட்டி, உருளை இழுத்துச் சமன்படுத்தும் வேலைக்குச் சேர்ந்தார். திங்கள் ஒன்றுக்குச் சம்பளம் 3 ரூபாய். 1892இல் ஆங்கிலேயரின் பூனா கிளப்புக்கு மாறியபோது அது 4 ரூபாய் ஆயிற்று. அங்கும் வேலை அதேதான்: உருளை இழுக்க வேண்டும், கோடு போட வேண்டும், பயிற்சிக்கு வலை கட்ட வேண்டும்.

ஒருநாள் வெள்ளையர் ஒருவர் விளையாட்டாக இவரைப் பந்து வீசச் சொன்னார். இடக்கையால் மெல்ல வந்த பந்து தரையில் பட்டதும் திரும்பியது. அன்றுமுதல் திடலில் அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. அந்நாளில் பூனாவில் பேர்பெற்ற மட்டையாளர் ராணுவ அதிகாரி ஜே. ஜி. கிரெய்க். அவர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பாலுவை வீசச் சொல்லிப் பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா தருவார் என்றொரு செய்தி வழங்கி வருகிறது. வாரத்துக்கு ஒருமுறை வீழ்த்தினாலும் மாதம் 2 ரூபாய், அதாவது சம்பளத்தில் பாதி. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தைத் திருப்பக் கற்றுக் கொள்ள அதைவிட நல்ல காரணம் ஓர் ஏழைக்கு வேண்டுமா என்ன!

இப்படி நூற்றுக்கணக்கான மணி நேரம் பாலு அந்த வலையில் பந்து வீசினார். ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஒரு தடவைகூட மட்டை பிடிக்க அவரை அங்கே அனுமதித்தது கிடையாது. மட்டை பிடிப்பது மேன்மக்களின் கலை, பந்து வீசுவது உழைப்பாளியின் வேலை என்பது இங்கிலாந்திலிருந்தே கப்பலேறி வந்த எண்ணம். நம் நாட்டு அடுக்கு முறைக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மட்டை பிடித்திருந்தால் பாலு பெரிய மட்டையாளர் ஆகியிருப்பார் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் அதே வீட்டில் பிறந்த தம்பியர் சிவராமும் விட்டலும் பின்னாளில் மட்டையால் புகழ் பெற்றார்கள் என்பதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பூனாவில் இந்துக்களின் கிரிக்கெட் குழு ஒன்று, ஆங்கிலேயரை எதிர்த்து ஆட விரும்பியது. பாலுவைச் சேர்ப்பதா, கூடாதா என்று குழுவுக்குள் பூசல் எழுந்தது. சேர்த்தால் சாதி போய்விடும், விட்டால் வெற்றி போய்விடும். இவரை விட்டுவிட்டால் அது இந்துக்களின் மடமையே என்று கிரெய்க் வெளிப்படையாகவே கூறினார். முடிவில் ஒரு சமரசம் கண்டார்கள். அதை என்னவென்று சொல்வது? திடலில் எல்லாரும் ஒரே பந்தைத் தொடலாம். இடைவேளையில் மற்றவர்களுக்கு அரங்கினுள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர். பாலுவுக்கு வெளியே மண் குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ வேண்டுமானால், அவரைப் போன்றே ஒதுக்கப்பட்ட பணியாள் ஒருவர் திடலின் மூலைக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். சற்று முன்பு தம் கையால் விக்கெட் எடுத்துக் கொடுத்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள், தேநீர் மணி அடித்ததும் அந்தக் கையை மறந்துவிட்டார்கள்!

இதைப் படித்துவிட்டு, வடக்கே அப்படி என்று நாம் ஒதுங்கிவிட வழியில்லை. நம் தக்கலை அன்று திருவிதாங்கூரில் இருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பரில். பாலு பூனாவில் மண் குவளையில் தேநீர் குடித்த காலத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

பந்து மட்டும் பேதம் பார்க்கவில்லை. சதாராவில் வெள்ளையர் கழகத்துடன் நடந்த ஆட்டத்திற்கு முன், பாலுவின் பந்து திரும்பாதிருக்கத் திடலை ஒரு வாரம் உருளையிட்டு இறுக்கினார்களாம். இவர் அங்கும் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். உருளை இழுத்தே வளர்ந்தவரை உருளையைக் கொண்டா தடுப்பது! பூனா திரும்பியதும் பாராட்டு விழா எடுத்தார்கள். நீதிபதி ரானடே, அவருடன் ஆடத் தயங்காதவர்கள் அவருடன் உண்ணவும் தயங்கக் கூடாது என்னும் கருத்தை அவையிலே எடுத்துரைத்தார்.

1896இல் பூனாவைக் கொள்ளை நோய் தாக்கியது. பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரயில்வேக் குழுவுக்கும் இந்து ஜிம்கானாவுக்கும் ஆடினார். 1906 பிப்ரவரியில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதிய ஆட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. ஆண்டவர்களை ஆளப்பட்டவர்கள் 109 ஓட்டங்களில் வென்றார்கள். சுதேசி இயக்கம் கொதித்துக் கொண்டிருந்த நேரம் அல்லவா! அந்த வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது. தம்பி சிவராமும் அக்குழுவில் ஆடினார். பம்பாயில் அவர்கள் மற்றவர்களுடன் ஒன்றாக அமர்ந்து உண்ணவும் முடிந்தது. மேசை ஒன்றாயிற்று. தலைமை மட்டும் இன்னும் எட்டாத் தொலைவில் இருந்தது.

1911இல் முதல் அனைத்திந்தியக் குழு இங்கிலாந்து சென்றது. தலைவர் பாட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங், வயது 19. அவர் சில ஆட்டங்களில் தலைகாட்டினார். மற்ற நேரம் விருந்துகளிலும் முடிசூட்டு விழாவிலும் கழிந்தது. பாலுவுக்கு அப்போது வயது 35; தோளில் வலி வேறு. குழு 23 ஆட்டங்கள் ஆடி, 6 வென்று 15 தோற்றது. அப்படித் தோற்ற குழுவில் அவர் மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் அவர் எடுத்தவை 11. சோமர்செட்டை ஒரே விக்கெட் மீதமிருக்க வென்றபோது சதமடித்து நின்றவர் தம்பி சிவராம். உழைத்தவர்கள் யார், தலைமை தாங்கியவர் யார் என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நாடு திரும்பியதும் ஒடுக்கப்பட்ட மக்கள் பம்பாயில் அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அதில் வாசிக்கப்பட்ட பாராட்டிதழை எழுதியவர் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவர் ஒருவர் என்பர். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது இருபது. அந்த வயதை நான் இரண்டு முறை படித்தேன். எனக்கும் இப்போது வயது இருபதே.

1912இல் முகமதியர் குழுவும் சேர்ந்து, பம்பாய்ப் போட்டி நான்முனைப் போட்டியாயிற்று. இந்துக் குழுவில் பாலுவைவிட மூத்தவர், சிறந்தவர் இல்லை. ஆனால் தலைமை வேறொருவருக்கே போயிற்று. 1913இல் தலைவரான எம். டி. பாய், அந்தப் பெருமை பாலுவுக்கே உரியது என்று பாராட்டு விழாவிலேயே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்! ஆனால் தேர்வுக் குழு அசையவில்லை. விக்கெட் வேண்டும் போதெல்லாம் பாலுவின் கையில் பந்தைக் கொடுத்தவர்கள், எந்தப் பந்தை யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

1920 டிசம்பரில் அது வெடித்தது. பாய் நோயுற்றிருந்தார். தலைமை தேவதர் என்பவருக்குத் தரப்பட்டது. பாலுவோ குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பியர் விட்டலும் சிவராமும் அமைதியாக இருக்கவில்லை. காரணத்தைப் பொதுமக்கள் அறிய வெளியிட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகினார்கள். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் நூற்றுப் பதினான்கு விக்கெட்டுகளைவிடப் பெரிய செயல் இதுதான். பதவியும் வாய்ப்பும் கையில் இருக்கும்போது அண்ணனுக்காக அதை உதறுவது எளிதா? மக்கள் கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. அடுத்த ஆட்டத்துக்குள் பாய் உடல் தேறி வந்தார். சகோதரர்கள் மூவரும் குழுவில் இடம் பெற்றார்கள். பாலு துணைத் தலைவர் ஆக்கப்பட்டார். பார்சிகளுடன் நடந்த அந்த ஆட்டத்தின் நடுவே பாய் திடலை விட்டு வெளியே சென்றார். வேண்டுமென்றே சென்றார் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சிறு பொழுது, நாற்பத்து நான்கு வயதில், பாலு குழுவை நடத்தினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1923இல், தலைமை விட்டலுக்குக் கிடைத்தது. அவ்வாண்டுக் கோப்பையை இந்துக்கள் வென்றபோது, தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவரை மக்கள் தோளில் தூக்கிச் சென்றார்கள்.

பாலுவின் அரசியல் வாழ்வை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். காந்தியடிகளின் வழியே சரியென அவர் நம்பினார். 1932இல் பூனா ஒப்பந்த நாள்களில் நம் சென்னை மாகாணத்து எம். சி. ராஜாவுடன் நின்று, கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். 1937 தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது! அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலு 11,225. தமக்கு ஒரு காலத்தில் பாராட்டிதழ் எழுதியவரிடம் தோற்றார். அந்தத் தேர்தலிலும் அவரை ஒரு பந்துவீச்சாளராகவே நிறுத்தினார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எதிரணியின் பெரிய விக்கெட்டை வீழ்த்த ஆள் தேவைப்பட்டது, அவரை அழைத்தார்கள்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடிய 1932இல் அவருக்கு வயது 56. ஆகவே டெஸ்ட் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள் என்னும் கணக்கு மட்டும் நிற்கிறது. 1955 சூலையில் பம்பாயில் காலமானார்.

அவர் இறப்பதற்கு முன்பு நடந்த இன்னொன்றும் உண்டு. 1952 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. அந்த ஆட்டத்தில் 12 விக்கெட்டுகள் எடுத்த வினு மன்கட், பாலுவைப் போன்றே இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். சில மாதங்களில் அதே மன்கட் லார்ட்ஸ் திடலில் முதல் மட்டையாளராக இறங்கி 72, 184 என்று குவித்தார். 1955இன் தொடக்கத்தில் இந்தியக் குழுவுக்குத் தலைவராகிப் பாகிஸ்தான் சென்று வந்தார். பாலு காலமானபோது அந்தக் குழு திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.