தூசியில் காலம் கண்டவர்

கொட்டாஞ்சேனையில் கடைவாசல் கூட்டுபவருக்கும் வெள்ளவத்தையில் கடலை நோக்கிக் குடியிருப்பவருக்கும் தூசி ஒரு பகைப்பொருளே. காலையில் துடைத்த மேசை மாலையில் மீண்டும் மங்கிவிடுகின்றது. கூட்டுவாரும் துடைப்பாரும் இல்லாத வெளிநிலத்தில் அத்தூசி பல்லாயிரம் ஆண்டுகள் அடுக்கடுக்காய்ப் படியுமாயின், அது அந்நிலத்தின் பண்டைக் காற்றையும் மழையையும் வறட்சியையும் பதித்து வைத்த ஏடாகிவிடும். இந்திய மண்ணில் அந்த ஏட்டைப் புரட்டிய முன்னோடிகளுள் ஒருவர் றொபேட் புறூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர்.

ஈழத்துத் தமிழுலகிற்கு அவர் முற்றிலும் அயலவர் அல்லர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் பாதிரியாரை நம்மவர் நன்கறிவர். பின்னாளில் சென்னை சென்று பேராசிரியராயும் தினவர்த்தமானி இதழின் ஆசிரியராயும் விளங்கிய அப்பெரியாரின் மகளை மணந்தவரே ஃபூட். மாமனார் தமிழர் நாவில் வழங்கிய பழமொழிகளைத் திரட்டினார். மருமகனார் தமிழர் காலடியில் கிடந்த கற்களைத் திரட்டினார்.

ஃபூட் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செல்ற்றனம் நகரிற் பிறந்தவர். 1858இல் இந்தியப் புவிச்சரித அளவைத் துறையிற் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளை ஆராய்ந்து படம் வரைவதே அவருக்கு இடப்பட்ட பணி. அடுத்த ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரான்ஸ் நாட்டின் சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மறைந்தொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்களும் கிடப்பதை அறிஞர் உறுதிப்படுத்தியிருந்தனர். அத்தகைய கற்கள் இந்நாட்டிலும் இருத்தல் கூடுமே என்ற எண்ணம் ஃபூட்டின் நெஞ்சில் ஊன்றியது. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியொன்றில் அவர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில், உடன் பணிபுரிந்த வில்லியம் கிங்கோடு சென்று, அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இந்திய நாட்டு மனிதனின் தொன்மை நூல்களின் எல்லையைத் தாண்டி அப்பாற் சென்றது அன்றுதான். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுட் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் ஆய்வாளர் கணித்தனர்.

கல்லைக் கண்டெடுத்தல் பாதிப் பணியே. அது எந்த மண்ணில் இருந்தது, அதன் கீழே என்ன, மேலே என்ன என்பவற்றை அறியாவிடின் அக்கல் ஊமையாகிவிடும். இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே ஃபூட் மண்ணடுக்குகளை அத்துணைக் கருத்தோடு நோக்கினார். திருநெல்வேலிக் கரையோரத்தில் தேரி என வழங்கும் செம்மணற் குன்றுகள் உள்ளன. மதுரைத் தென்பகுதியையும் திருநெல்வேலியையும் பற்றி 1883இல் வெளிவந்த தமது நூலில், அவை காற்றினால் குவிந்தவை என்று அவர் விளக்கினார்.

1891இல், முப்பத்து மூன்று ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வுபெற்ற ஃபூட் வாளாவிருந்தாரல்லர். பரோடா அரசுக்காகக் குஜராத்தின் நிலத்தை ஆராயச் சென்றார். அங்கே சபர்மதி ஆறு அறுத்துச் சென்ற உயர்ந்த கரைகள் அவர் கண்முன் நின்றன. அடியிற் சரளை, அச்சரளையிற் பழைய கற்காலக் கருவிகள். அதன்மேல் ஆறு படிவித்த வண்டல். வண்டலுக்கும் மேலே காற்றுக் கொணர்ந்து கொட்டிய நுண்மண். இதனை மேனாட்டார் லோயஸ் என்பர். சீன நாட்டு மஞ்சள் மண் காற்றினால் வந்தது என்று ஜேர்மானிய அறிஞர் றிக்தோஃபன் 1877இல் எழுதியிருந்தார். அத்தகைய மண்ணே சபர்மதிக் கரையிலும் போர்வையாய்க் கிடந்தது. அப்போர்வையின் மேற்பரப்பிலேயே பிற்கால மக்களின் சிறு கற்கருவிகள் காணப்பட்டன.

இதிலிருந்து ஃபூட் பெற்ற முடிபு பெரிது. சரளை உருட்டி ஓடிய ஆறு ஒரு காலம். தூசியை வாரி இறைத்த வறள்காற்று மற்றொரு காலம். நிலமும் நீரும் காற்றும் இவ்வாறு மாறி நிற்பதற்கு மிக நீண்ட இடைக்காலம் கழிந்திருத்தல் வேண்டும் என அவர் கருதினார். ஆயின் அந்த இடைக்காலத்தில் மனிதத் தொடர்ச்சியே அற்றுப் போயிற்று என அவர் எண்ணியது பொருந்தவில்லை. 1941இல் சங்காலியா தலைமையிற் குஜராத்திற்குச் சென்ற குழுவும் அதற்குப் பின் வந்தோரும் அவ்விடைவெளியைச் சிறிது சிறிதாக நிரப்பினர். அவர் இடைவெளியென்று கண்ட இடத்திலும் மக்கள் வாழ்ந்திருந்தனர். அடுக்குகளை உள்ளவாறே அவர் குறித்து வைத்திருந்தமையாற்றான் பின்வந்தோர்க்கு அப்பிழையைத் திருத்த இயன்றது.

திருநெல்வேலித் தேரிகளிற் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றிச் சொய்னரும் அல்சினும் 1956இல் விரிவாக எழுதினர். ஆயினும் மணல் குவிந்த காலத்தை ஆண்டுக் கணக்கிற் சொல்லும் வழி அப்போது கைவரவில்லை. அவ்வழி பின்னர்த் தோன்றியது. மணற்பரல் வெயிலிற் கிடக்கும்போது அதனுட் சேர்ந்திருந்த ஆற்றல் வெளியேறிவிடும். புதையுண்டதும், சூழ்ந்துள்ள மண்ணின் கதிர்வீச்சால் மீண்டும் சிறுகச் சிறுகச் சேரும். பரலைச் சூடேற்றி, அது உமிழும் ஒளியை அளந்தால், இறுதியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கலாம். இம்முறையால் இலங்கைக் கரையோரச் செம்மணற் குன்றுகளின் வயதை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டவர்களுள் அகமதாபாத்தின் சிங்வியும் நம் நாட்டின் சிரான் தெரணியகலவும் அடங்குவர். அகமதாபாத் சபர்மதிக் கரையில் உள்ள நகரம் என்பது நினைக்கத்தக்கது. பூந்தலப் பகுதியின் செம்மணலிலும் வடக்கே இரணைமடுவின் செம்மண்ணிலும் கற்கால மனிதனின் கைவண்ணம் கிடைத்துள்ளது.

ஃபூட் தம் இறுதிக்காலத்தை ஏற்காட்டு மலையிற் கழித்தார். நாற்பதாண்டு திரட்டிய தொகுதியை 1904இற் சென்னை நூதனசாலை பெற்றுக்கொண்டது. முதுமையிலும் அவர் ஓயாது அமர்ந்து, ஒவ்வொரு கல்லும் எவ்வூரில், எவ்விடத்திற் கிடைத்தது என்று அட்டவணை எழுதினார். 1912ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அட்டவணை 1914இலும், அதன் விளக்கக் குறிப்பு 1916இலும் அச்சேறின. தம் வாழ்நாள் உழைப்பை நூல்வடிவிற் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நூதனசாலைக் கல்லை நாம் பூட்டிக் காக்கிறோம். அதன் காலத்தைச் சொல்லும் மண்ணுக்கோ பூட்டும் இல்லை, காவலும் இல்லை. செம்மணலில் இல்மனைற் முதலிய கனியங்கள் உண்டு. ஆதலின் அதனை அகழ விரும்புவோரும் உண்டு. குன்றொன்றை வாரியேற்றிய பின்னர் மணலை வேறிடத்திற் கொட்டலாம். கலைந்த அடுக்குகளை மீண்டும் அடுக்க எவராலும் இயலாது. ஃபூட்டின் அட்டவணையில் ஒவ்வொரு கல்லின் அருகேயும் ஓர் ஊர்ப்பெயர் நிற்கின்றது. அவ்வூரில் அம்மண் நிற்கும் வரையிலேயே அப்பெயருக்குப் பொருளுண்டு.