உடல் மண்ணுக்குள்... செல்கள் உலகமெங்கும்! யார் இந்த ஹென்ரியட்டா லாக்ஸ்?

1951-ல் இறந்துபோன ஒரு பெண்ணின் செல்கள் இன்னைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ந்துகிட்டு இருக்குன்னா நம்ப முடியுதா? 'ஹீலா' என்று அழைக்கப்படும் அந்த செல்களுக்குச் சொந்தக்காரர் ஹென்ரியட்டா லாக்ஸ்.

புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்

1920 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். நாலு வயசுலயே அம்மா இறந்துவிட, தாத்தாவிடம் வளர்ந்தார். ஒரு காலத்தில் அடிமைகள் குடியிருந்த மரவீடு அது. 1941-ல் டேவிட் லாக்ஸைத் திருமணம் செய்து, பால்டிமோர் அருகே குடியேறினார். ஐந்து குழந்தைகள்.

கேட்காமல் எடுத்த திசு

1951 ஜனவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ரேடியம் சிகிச்சையின்போது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுக்கப்பட்டது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை.

ஜார்ஜ் கை என்ற ஆய்வாளரின் ஆய்வகத்தில் மற்றவர்களின் செல்கள் சில நாள்களில் செத்துப்போக, இவருடையது மட்டும் நாளுக்கு இருமடங்கானது. ஆனால், அக்டோபர் 4-ம் தேதி ஹென்ரியட்டா இறந்தார். வயது 31. பல பத்தாண்டுகள் அவர் புதைகுழியில் ஒரு கல்கூட இல்லை.

ஏன் சாகவில்லை?

சாதாரண செல் குறிப்பிட்ட தடவை பிரிந்ததும் நின்றுவிடும். ஹென்ரியட்டாவின் செல்லுக்குள் ஹெச்.பி.வி-18 வைரஸின் மரபணு புகுந்திருந்தது. தப்பான செல் பெருகாமல் 'பிரேக்' போடும் பி53 புரதத்தை அது அழித்துவிடுகிறது. மனித செல்லில் இருக்க வேண்டிய குரோமோசோம்கள் 46. ஹீலாவிலோ பெரும்பாலும் 76 முதல் 80 வரை!

இது புற்றுநோய் செல்லோட பிரச்னை மட்டும்தானா? இல்லை. 2017-ல் 140 கருநிலை ஸ்டெம் செல் வரிசைகளை ஆராய்ந்தபோது, ஐந்தில் அதே பி53 மரபணு பழுதாகியிருந்தது. தட்டில் வளர்க்கும்போது, வேகமாகப் பிரியும் செல்தான் மற்றவற்றை முந்தும். பிரேக் இல்லாத செல் அப்படித்தான் ஜெயிக்கிறது. அதனால்தான் ஸ்டெம் செல்லை நோயாளி உடம்பில் செலுத்தும் முன் மரபணுவைச் சோதிப்பது அவசியமாகிறது.

குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன?

போலியோ தடுப்பூசியைச் சோதிக்க ஹீலா உதவியது. செல்கள் விலைக்கு விற்கப்பட்டன. குடும்பத்துக்கோ 20 ஆண்டுகளுக்கு மேல் எதுவுமே தெரியாது. 2013-ல் ஹீலாவின் மரபணு வரிசையையும் கேட்காமலே வெளியிட்டார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, அதைப் பயன்படுத்த அனுமதி தரும் குழுவில் குடும்பத்தினருக்கும் இடம் கிடைத்தது. 2023-ல் தெர்மோ ஃபிஷர் நிறுவனம் அவர்களுடன் சமரசம் செய்துகொண்டது.

இன்று மருத்துவமனையில் நம் திசுவை ஆய்வுக்கு எடுக்கும்முன் கையெழுத்து கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை ஹென்ரியட்டாவிடம் கடைசிவரை யாரும் கேட்கவே இல்லை.