வீடுகளைக் கோட்டையாக்கிய ஜோசப் வாஸ் அடிகளார்

அன்புவழிபுரம் முதல் மன்னார் வரை, போரைக் கண்ட கிறிஸ்தவ வீடுகளின் இரவுச் செபத்தில் முதலாவதாக நின்ற வேண்டுதல் ஒன்றே: பிள்ளைகளுக்குத் தீங்கு வரக்கூடாது. குடும்பத்தைக் காக்கும் ஆன்மீகப் போராட்டம் என்று இதைச் சொல்வார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மண்ணின் குடும்பங்களுக்காக அப்போராட்டத்தை நடத்தியவர் புனித ஜோசப் வாஸ் அடிகளார்.

1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். 1676 இல் குருவானார். மறு ஆண்டு தம்மை மாதாவின் அடிமை என்று எழுத்தில் ஒப்புக்கொடுத்தார்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. திருகோணமலைக் கோட்டையிலும் அவர்களின் கொடியே பறந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருவுக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று சட்டம் போட்டனர். கோயில்கள் பறிபோயின. விசுவாசம் வீட்டுக்குள் ஒதுங்கியது. மாந்தையில் இருந்த மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு குடும்பங்கள் காட்டுக்குள் இடம்பெயர்ந்தன. அதுவே மடுத் திருத்தலத்தின் தொடக்கம் என்கிறது மரபு.

1687 இல் கூலியாள் வேடத்தில், ஒரு பணியாளுடன், அடிகளார் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டத்தால் படுத்த படுக்கையானார். எழுந்ததும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அந்த மாலையை அடையாளம் கண்டவர்கள் கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். சில்லாலை அவருக்குத் தளமானது. இரவில் வீடுகளில் பூசை. விடியுமுன் அடுத்த ஊருக்குப் பயணம்.

1689 நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த வீடுகளைச் சுற்றிவளைத்தனர். சுமார் 200 பேர் பிடிபட்டனர். டொன் பேதுரு என்பவர் கசையடியால் உயிர்நீத்தார். அடிகளார் தப்பினார். செபிக்கும் வீட்டுக்கு இழப்பே வராது என்ற எளிய ஆறுதலை இந்த வரலாறு தரவில்லை. பிள்ளைகளை இழந்த நம் தாய்மாருக்கு இது புரியும். அவர்களின் செபத்தில் குறை இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

பின்னர் புத்தளம் வழியாக 1692 இல் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கேய உளவாளி என்ற குற்றச்சாட்டில் சிறைவைக்கப்பட்டார். அங்கே பீடம் அமைத்துச் செபித்தார், சிங்களம் கற்றார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை நம்பினான். குரு இல்லாத ஊர்களில் செபத்தை நடத்த அண்ணாவிமாரும், சபையைக் கவனிக்க மூப்பர்களும் இருந்தனர். குரு வர மாதங்கள் ஆனாலும் வீட்டுச் செபம் நிற்காமல் இருந்தது இந்த ஒழுங்கினால்தான்.

1697 இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. பலர் தம் வீட்டு நோயாளரையே கைவிட்டு ஓடினர். அடிகளார் தம் மருமகனான குருவானவருடன் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டவர்களுக்கு உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைப் புதைத்தார். நோயாளி பௌத்தரா கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. அச்சம் குடும்பங்களைப் பிரித்த அந்நாளில், அச்சத்தை எதிர்த்து நின்றதே அவருடைய பெரிய போர். அதில் எதிரியென்று எந்த மனிதரும் இருக்கவில்லை.

1711 ஜனவரி 16 அன்று கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றைய தினமே பாப்பரசர் மடுவுக்கும் சென்றார். 1990களில் ஆயிரக்கணக்கான அகதிக் குடும்பங்கள் தஞ்சமடைந்திருந்த அதே வளாகத்தில், போரில் உறவுகளை இழந்தவர்கள் அவருடன் செபித்தார்கள்.

கோயில் பூட்டப்பட்டாலும் குடும்பம் மாலையில் ஒன்றாக முழந்தாளிடலாம், அயல்வீட்டு நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகலாம். அடிகளாரின் வாழ்வு நமக்குக் கையளித்த ஆயுதங்கள் இவ்விரண்டும்தான்.