இருளில் ஒளிர்ந்த கற்கள்

பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. அதன் அருங்காட்சியகத்தில் இருட்டறை ஒன்று உண்டு. சாதாரண விளக்கொளியில் அங்குள்ள கற்கள் மங்கலாகவே தோன்றும். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியைச் செலுத்தினால், அதே கற்கள் பல நிறங்களில் சுடர்விடும். இக்கற்களை ஆர்வத்துடன் சேர்த்தவர், ஒளியை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைக் கழித்த சந்திரசேகர வேங்கட இராமன் ஆவார்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் பிறந்தார். அவருடைய தந்தையார் சந்திரசேகரருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியர் பணி கிடைத்தது. எனவே, இராமன் சிறுவயதிலேயே தமிழகத்தை விட்டு, தெலுங்கு வழங்கும் அவ்வூருக்குச் சென்று அங்கே பள்ளிக்கல்வி பயின்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்றார்.

1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராகப் பணியேற்றபோது அவருக்கு வயது 18. பணி உயர்ந்தது; ஊதியமும் மிகுதி. ஆயினும் அவருடைய உள்ளம் அறிவியலையே நாடியது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், பணி முடிந்தபின் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் உழைத்தார். இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல், குறைந்த ஊதியம் என்று அறிந்தும், அரசுப் பணியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் கடற்பயணம் செய்தபோது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பு மட்டும் அன்று. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்டினார். அதன்பின் திரவங்களில் ஒளி சிதறும் முறையைத் தம் மாணவர்களோடு ஆராயத் தொடங்கினார்.

1923இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் வேறு நிறத்தின் மெல்லிய சாயலைக் கண்டார். அது ஒளிர்வாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. சில பொருள்கள் ஒளியை உட்கொண்டு, அதன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து, எஞ்சியதை வேறு நிற ஒளியாக வெளியிடும். இதுவே ஒளிர்வு. கனிமங்களில் இதற்குப் பெரும்பாலும் அவற்றில் கலந்துள்ள சிறிதளவு வேற்றுப்பொருளே காரணமாகும். மாங்கனீசு சிறிதளவு கலந்த கால்சைட்டு, புற ஊதா ஒளியில் செந்நிறமாக ஒளிர்வது இதற்குச் சான்று. திரவத்திலும் ஏதேனும் மாசு கலந்திருக்கலாம் அன்றோ? ஆகவே திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர். அச்சாயலோ மறையவில்லை.

மாசின் விளைவு என்று அதனை ஒதுக்கியிருந்தால் பெருங்கண்டுபிடிப்பு ஒன்று கைநழுவிப் போயிருக்கும். இராமன் அதனை விட்டுவிடவில்லை. 1928இன் தொடக்கத்தில், தூய கிளிசரின் சிதறச் செய்த ஒளி, திரவங்களின் சாதாரண ஒளிர்வினின்று வேறுபட்ட பண்பைக் காட்டியது. கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன் பல திரவங்களை ஆராய்ந்த இராமன், 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அது ஒளிர்வு அன்று, புதுவகை ஒளிச்சிதறல் என்று உறுதிசெய்தார். அதுவே இராமன் விளைவு. அதற்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நாள் இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஒளிர்வு அன்று என்று மெய்ப்பித்துப் புகழ்பெற்ற அவரே, பின்னாளில் ஒளிர்வையும் விரும்பி ஆராய்ந்தார். 1933இல் பெங்களூர் சென்றபின், வைரங்களைச் சேர்த்து ஆய்வு செய்தார். அவற்றுள் சில புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தன. சில மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்ந்தன. சில ஒளிரவே இல்லை. எல்லாம் கரியணுக்களால் ஆனவையாக இருந்தும் இவ்வேறுபாடு ஏன் என்னும் வினா அவரை ஈர்த்தது. சிறிய நிறமாலைக் காட்டியைக் கையில் எடுத்துச் சென்று, காணும் பொருள்களை ஆராய்வதும் அவர் வழக்கம்.

1948இல் தம் பெயரில் அமைந்த ஆய்வு நிறுவனத்தில் பணியைத் தொடர்ந்தார். அரசின் பொருளுதவியை நாடாது, தம் செல்வத்தையும் நன்கொடைகளையும் கொண்டே அதனை நடத்தினார். கற்கள், சிப்பிகள், வண்ணத்துப்பூச்சிகள் எனத் தாம் சேர்த்தவற்றை அங்கே காட்சிக்கு வைத்தார். அவற்றைக் காண வரும் மாணவர்களிடம் பேசுவதில் பெருமகிழ்ச்சி கொண்டார்.

1970 நவம்பர் 21ஆம் நாள் இராமன் மறைந்தார். அவர் விரும்பியவாறே நிறுவன வளாகத்தில் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது. மெல்லியதொரு நிறச்சாயலையும், மங்கிய ஒரு கல்லையும் ஒரே அக்கறையோடு நோக்கியவர் அவர். தெருவோரக் கல்லைக் கையில் எடுத்து உற்றுநோக்கும் சிறுவர்க்கும் அவர் வாழ்வு வழிகாட்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. திரவங்களை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தது ஏன்?
2. ஒளிர்வு என்றால் என்ன? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. அரசுப் பணியைத் துறக்க இராமன் துணிந்தது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.