கொல்லர் மகன் தந்த காவல் வளையம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. ஆனால் அதே மின்சாரம், இன்சுலேஷன் உரிந்த ஒயர் வழியாக ஈரக்கையில் பட்டால் உயிரைக் குடித்துவிடும். மின்சாரத்தை நமக்கு ஆக்கித் தந்த அறிவும், அதனிடமிருந்து நம்மைக் காக்கும் அறிவும் ஒரே இரும்பு வளையத்தில் பிறந்தவை என்றால் வியப்பாக இல்லையா? அந்த வளையத்தைச் செய்தவர் மைக்கேல் பாரடே. கல்லூரி வாயிலை மிதிக்காமலே அறிவியல் உலகின் முன்வரிசைக்கு வந்தவர்.

பைண்டிங் கடைப் பையன்

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். நோயால் அடிக்கடி வேலைக்குச் செல்ல இயலாதவர். ஒரு ரொட்டியை ஒரு வாரத்திற்கு வைத்துக்கொண்டு உண்ட காலமும் அச்சிறுவனுக்கு உண்டு. எழுத, படிக்க, சிறிது கணக்குப் போட. இவ்வளவே அவர் பள்ளியில் கற்றது.

14-ஆம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். பிறர் புத்தகங்களைத் தைத்து அட்டை போடுவதோடு நிற்காமல், அவற்றைப் படிக்கவும் தொடங்கினார். கட்ட வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி அவரை ஈர்த்தது. கையிலிருந்த சில்லறையைக் கொண்டு சிறு சோதனைகள் செய்து பார்த்தார்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு அனுமதிச் சீட்டுத் தந்தார். அப்போது பாரடேவுக்கு வயது 20. எனக்கும் இப்போது அதே வயது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் என்ற முறையில், அந்த அரங்கில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதை என்னால் உணர முடிகிறது. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்தார், படங்கள் வரைந்தார், சுமார் 300 பக்க நூலாகத் தம் கையாலேயே பைண்டு செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது. 1813 மார்ச்சில் வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில் ஆய்வுக்கூட உதவியாளரானார்.

வளையமும் கூண்டும்

1831 ஆகஸ்டு 29. தேனிரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றினார் பாரடே. ஒன்றை மின்கலத்தோடும், மற்றதைக் காந்த ஊசியை அசைக்கும் கம்பியோடும் இணைத்தார். மின்னோட்டத்தைத் தொடங்கியபோது ஊசி துள்ளியது, பிறகு அசையவில்லை. நிறுத்தியபோது மீண்டும் துள்ளியது. காந்தப்புலம் மாறும்போது மட்டுமே இரண்டாம் சுருளில் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார். ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் இந்தத் தூண்டல் தத்துவத்தில் பிறந்தவையே.

1836-இல் 12 அடி நீள, அகல, உயரமுள்ள கூண்டு ஒன்றைக் கட்டி, அதற்குக் கம்பியும் ஈயத்தாளும் போர்த்தி, உள்ளே தாமே போய் நின்றார். வெளியே தீப்பொறி பறக்குமளவு மின்னேற்றியும் உள்ளே அதன் அறிகுறியே இல்லை. மூடிய உலோகக் காருக்குள் இருப்பவர் இடியிலிருந்து தப்புவது இதனால்தான்.

நம் வீட்டுச் சுவரில்

வீட்டில் பியூஸ் இருக்கிறதே, பயமென்ன என்று பலர் எண்ணுகிறார்கள். இது ஆபத்தான எண்ணம். ஓம் விதிப்படி கணக்கிட்டுப் பார்ப்போம். நனைந்த உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட் பட்டால் உடல்வழி பாய்வது 230 மில்லி ஆம்பியர். மனித இதயத்தை நிறுத்த இது போதும். ஆனால் 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5000 மில்லி ஆம்பியரைத் தாங்குவது. ஆள் விழுந்தாலும் பியூஸ் உருகாது. பியூசும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பவை, மனிதனையல்ல.

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் ஸ்விட்ச். அதனுள்ளே இருப்பது பாரடேயின் வளையமே! பேஸ், நியூட்ரல் இரண்டும் அவ்வளையத்தின் ஊடே செல்கின்றன. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தால், இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒருவர் உடல்வழியாகத் தரைக்குச் சிறிது கசிந்தாலோ கணக்கு இடிக்கும். வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்சாரம் பிறந்து ஸ்விட்சை விழச்செய்யும். வீடுகளுக்குரியது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளாகவே, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். உடல் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் உட்படப் பலர், இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய கருவிகளை உருவாக்கினர்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனது அப்படியே திரும்பிவிடுவதால் வளையம் ஏமாந்துவிடும். ஆகவே எர்த் இணைப்பும் எச்சரிக்கையும் எப்போதும் வேண்டும். கருவியிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் நல்லது.

புகழை நாடாதவர்

பாரடே சர் பட்டத்தை ஏற்கவில்லை; ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்தார். 1867 ஆகஸ்டு 25-இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் தம் நாற்காலியிலேயே அமைதியாக உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லறை ஒன்றே அவருக்கு உண்டு.

பெரிய நினைவுச்சின்னம் எழுப்ப நம்மிடம் பணமில்லை. வேண்டியதுமில்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும் நண்பர்களே! உங்கள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். அந்த வளையம் அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாட்டச் சொல்லுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.