அட்டையில் ஊர் கட்டிய இன்ஜினியர்

படம் வரையணும்னு ஆசை. வீட்ல ஒத்துக்கல. கடைசியில ரெண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்து, ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சீட். இதைப் படிச்சதும் உங்க கிளாஸ்லயே நாலு பேர் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஆனா இது நடந்தது பிராக் நகரத்தில், 1930-களில். அந்தப் பையன் பெயர் வோய்தியெக் குபாஷ்டா.

பாப்-அப் புத்தகம் சேகரிக்கிற யார்கிட்டயாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்க, அரை மணி நேரம் விட மாட்டாங்க. பிறந்தநாள், ஃபேர்வெல், கிறிஸ்துமஸ்னு கட்டிங் மெஷின்ல அட்டை வெட்டி, திறந்தா எழுந்து நிற்கிற கார்டு செய்யுற கூட்டம் இப்போ நம்ம காலேஜ்கள்லயும் இருக்கு. அவங்களுக்கு இவர் ஒரு வகையில தாத்தா முறை. பேரன்களுக்குத் தாத்தா பெயர் தெரியாம போனதுதான் கொடுமை.

குபாஷ்டா பிறந்தது 1914-ல், வியன்னாவில். முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டு அது. நாலு வயதானபோது போர் முடிந்து, ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு உடைந்து, செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு புது நாடு உருவானது. குடும்பம் பிராகுக்குக் குடிவந்தது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவருக்கு அதுதான் ஊர். பழைய கோபுரங்கள், வளைந்த சந்துகள், ஆற்றுப் பாலங்கள் என்று அந்த ஊரை அவர் கடைசி வரை வரைந்துகொண்டே இருந்தார்.

சின்ன வயதிலேயே ஓவியர் ஆவதென்று முடிவு பண்ணிட்டார். அப்பாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. சமரசமாகக் கிடைத்ததுதான் கட்டிடக் கலைப் படிப்பு. பிராகின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1938-ல் பட்டம் வாங்கினார். வருஷத்தைக் கவனிங்க. அதே 1938 செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம் போட்டு நாட்டின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த நவம்பரில் செக் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள். கொஞ்சம் தள்ளிப் படித்திருந்தால் குபாஷ்டா டிகிரி வாங்குவதே சிக்கலாகியிருக்கும். பிளேஸ்மென்ட் சீசன்ல ரெண்டு கம்பெனி வரலைன்னு நாம புலம்புறோம்.

சில வருடம் கட்டிட வேலை பார்த்தார். 1940-களில் மெல்ல புத்தகங்களுக்குப் படம் வரையும் பக்கம் நகர்ந்தார். போர் முடிந்தது, மூச்சு விடுவதற்குள் 1948-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. தனியார் பதிப்பகங்கள் அரசு வசம் போயின. படம் வாங்க இருந்த கடைகளெல்லாம் ஒரே முதலாளியின் கடையாகிவிட்ட நிலைமை.

இந்த இடத்துலதான் அவர் கை அட்டைப் பக்கம் திரும்பியது. வெளிநாட்டுக்கு விற்க வேண்டிய செக் பொருட்களுக்கு விளம்பரம் தேவைப்பட்டது. பீர், போர்சலின் பாத்திரம், தையல் மெஷின் இப்படி. அதற்காக அவர் முப்பரிமாண விளம்பர அட்டைகள் செய்தார். தட்டையாகக் கவருக்குள் போகும். வாங்கினவர் திறந்தால் பொருள் எழுந்து நிற்கும். பிழைப்புக்காகச் செய்த வேலைதான். ஆனால் ஓவியன் கையும் இன்ஜினியர் மூளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு 1956-ல், ஆர்ட்டியா என்ற அரசு நிறுவனம் மூலமாக அவருடைய பாப்-அப் கதைப் புத்தகங்கள் வரத் தொடங்கின. ஆர்ட்டியாவின் வேலையே செக் புத்தகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பி அந்நியச் செலாவணி சம்பாதிப்பது. சிவப்புத் தொப்பிச் சிறுமி, சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் என்று எல்லா நாட்டுக் குழந்தைக்கும் தெரிந்த கதைகள். உரை மட்டும் மொழிக்கு மொழி மாறும். படமும் வெட்டும் மடிப்பும் அதேதான். அரசியல்வாதிகளுக்கு நடுவே இரும்புத் திரை தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், இந்த அட்டைப் புத்தகங்கள் அதைத் தாண்டி லண்டன் குழந்தையின் மடியில் போய் உட்கார்ந்தன.

சரி, அவர் என்னதான் செய்தார்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். இதுதான் நம்ம ஏரியா.

குபாஷ்டாவின் பல காட்சிகள் ஒரே கனமான தாளை வெட்டி மடித்து உருவானவை. தனித்தனியாகத் துண்டு வெட்டி ஒட்டிக்கொண்டே போகாமல், தாளுக்குள்ளேயே கோட்டையையும் குதிரையையும் கண்டுபிடிப்பது அவர் பாணி. புத்தகத்தை 90 டிகிரிக்குத் திறந்தால் கீழ்ப் பக்கம் தரை, மேல் பக்கம் சுவர். நடுவில் நாடக மேடை மாதிரி அடுக்கடுக்காகக் காட்சி. பொம்மலாட்டத்துக்குப் பேர்போன ஊர்க்காரர் என்பது பார்த்ததுமே தெரியும்.

ஒரே தாளில் செய்வது கேட்க ஈஸி. ஒரு சின்னப் பெட்டியை மட்டும் செய்து பாருங்க. அட்டையை நடுவில் மடிச்சா ஒரு பாதி சுவர், ஒரு பாதி தரை. நடு மடிப்பைக் குறுக்கே தாண்டி இரண்டு இணைகோடு வெட்டணும். சுவர்ப் பக்கம் 4 செ.மீ., தரைப் பக்கம் 3 செ.மீ. ஆக, பட்டையின் மொத்த நீளம் 7. அதன் இரண்டு முனையிலும் உள்மடிப்பு. வெளிமடிப்பு எங்கே? மேல் முனையிலிருந்து 3 செ.மீ. கீழே, அதாவது நடு மடிப்புக்கு 1 செ.மீ. மேலே. வெட்டுகளுக்கு இடைப்பட்ட இடத்தில் நடு மடிப்பை மடிக்கவே கூடாது. இப்போ திறந்தால் 4 உயரம், 3 ஆழத்தில் பெட்டி நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஓர் இணைகரம். எதிரெதிர் பக்கங்கள் சமமாக இருப்பதால்தான் மூடும்போது மடங்கிப் படுத்துக்கொள்கிறது. மெக்கானிக்கல் பசங்க ஃபோர் பார் லிங்கேஜ்னு படிச்சதேதான், ஆணிக்குப் பதில் மடிப்பு.

கார்டை மூடும்போது அந்த வெளிமடிப்பு நடு மடிப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் போய்ப் படுக்கும்? உயரமும் ஆழமும் கூட்டிய தூரம்: 4 + 3 = 7. கார்டின் பாதி 10 செ.மீ. என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் ஆசைப்பட்டு 6 உயரம், 5 ஆழம் என்று போட்டால் 11. மூடிய கார்டிலிருந்து 1 செ.மீ. நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பெட்டிக்கே இந்தக் கணக்கு. அதே தாளில் கோபுரம், மரம், வண்டி, பத்து மனிதர்கள், ஒருவர் இடத்தை இன்னொருவர் வெட்டித் தின்னாமல், மூடும்போது ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் எழுந்து நிற்கணும். அதுவும் கம்ப்யூட்டர் இல்லாமல். பென்சில், ஸ்கேல், கத்தி வைத்து மாதிரி செய்து, மூடித் திறந்து, திருத்தி, திரும்பவும் செய்து பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம் அச்சகம். இந்த மாதிரிப் புத்தகங்களை வெட்டியது டை கட்டிங் முறையில். நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வெட்டுவது அதேதான். எஃகுப் பட்டையைக் கோட்டின் வடிவத்துக்கு வளைத்து மரப்பலகையில் பதிப்பார்கள். வெட்ட வேண்டிய இடத்தில் கூர்மையான பட்டை. மடிக்க வேண்டிய இடத்தில் உயரம் சற்றுக் குறைந்த மழுங்கிய பட்டை. ஒரே அழுத்தில் வெட்டும் மடிப்புக் கோடும் விழுந்துவிடும். அதற்குப் பிறகு மடிப்பதும் ஒட்டுவதும் மனிதக் கை வேலை. பாப்-அப் புத்தகங்களுக்கு இன்றைக்கும் அதுதான் நிலைமை.

இதோடு நம்ம கட்டிங் மெஷினை ஒப்பிட்டுப் பாருங்க. பசையுள்ள விரிப்பில் அட்டையை ஒட்டி உள்ளே விட்டால், ஒரு சின்ன பிளேடு ஃபைலில் இருக்கும் கோட்டின் மேல் ஓடி வெட்டிவிடும். கோடு தப்பா, கன்ட்ரோல்-இசட் போட்டு இன்னொரு அட்டையை வெட்டினால் போச்சு. டை அப்படியில்லை. எஃகை வளைத்த பிறகு 2 மி.மீ. தப்பு தெரிந்தால், அந்த டையையே திருத்தணும். ஒட்டுகிற இடம் ஒன்று கூடினால், அச்சடிக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு கை வேலை கூடும். குபாஷ்டா ஒரே தாளைப் பிடித்துக்கொண்டதில் அழகுணர்ச்சி பாதி என்றால், இந்தக் கணக்கு மீதிப் பாதி என்றுதான் நினைக்கிறேன். எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங் பேப்பரை ஒழுங்காக எழுதின ஆள் போலிருக்கு.

அதற்காக வறட்சியான ஆள் இல்லை. ஜன்னலுக்குச் செலோஃபேன் தாள் ஒட்டுவார், ஜிகினாத் தாள் வைப்பார், நூல் கட்டுவார். டிப், டாப் என்ற இரண்டு பொடியன்களை வைத்து ஒரு வரிசையே செய்தார். பெரிய அளவில் நோவாவின் பேழை, கொலம்பஸின் கப்பல் எல்லாம் எழுந்து நிற்கிற புத்தகங்கள் வந்தன. முகங்களில் எப்போதும் ஒரு குறும்பு இருக்கும். அரசனைக்கூடக் கொஞ்சம் கோமாளியாகத்தான் வரைவார்.

அலங்காரப் பொருட்கள் தனிக் கதை. கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த குடிலைக் காகிதத்தில் செய்து வீட்டில் வைப்பது செக் மக்களின் பழைய வழக்கம். குபாஷ்டா அப்படிப்பட்ட மடக்குக் குடில்கள் நிறையச் செய்தார். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரும் வரை நாளுக்கு ஒரு ஜன்னல் திறக்கிற நாட்காட்டிகளும் செய்தார். மதத்தை ஊக்குவிக்காத ஓர் ஆட்சியில், அரசு நிறுவனம் விற்ற புத்தகங்களைச் செய்த அதே கை மாட்டுத் தொழுவத்தையும் மூன்று ஞானிகளையும் வெட்டிக்கொண்டிருந்தது. விசித்திரமான காலம்.

இவருடைய புத்தகம் செய்த ஒரு பெரிய காரியம் அவருக்குத் தெரியாத ஊரில் நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் வால்டோ ஹன்ட் என்ற அமெரிக்க விளம்பரத் தொழில்காரர் நியூயார்க்கில் குபாஷ்டாவின் புத்தகம் ஒன்றைப் பார்த்தார். அமெரிக்காவில் அப்போது பாப்-அப் புத்தகத் தொழில் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டிருந்தது. ஆர்ட்டியாவிடம் மொத்தமாக வாங்கப் பேசிப் பார்த்தார். பனிப்போர் காலம், படியவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கி கிராஃபிக்ஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதைப் பின்னாளில் விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? வாழ்த்து அட்டைக்குப் பேர்போன ஹால்மார்க். அமெரிக்காவில் பாப்-அப் புத்தகம் மறுபடியும் ஒரு தொழிலாக எழுந்தது இந்த ஹன்ட் வழியாகத்தான். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பிராகில் ஒரு மேஜையில் குனிந்து உட்கார்ந்து, அடுத்த கதைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

300-க்கும் மேற்பட்ட படைப்புகள், 37 மொழிகள், மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் என்று சேகரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இருந்தும், புத்தகம் போன தூரத்துக்குப் பெயர் போகவில்லை. சிண்ட்ரெல்லாவைத் திறக்கிற குழந்தை செய்தவர் பெயரையா தேடும்? நாமும்தான், டவுன்லோடு பண்ணின டெம்ப்ளேட்டைப் போட்டது யார் என்று என்றைக்காவது பார்த்திருக்கோமா?

குபாஷ்டா 1992-ல் இறந்தார். நாலு வயதில் அவர் குடிவந்த அந்த நாடும் அதே ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு செக், ஸ்லோவாக் என்று இரண்டாகப் பிரிந்து முடிந்துபோனது. 2014-ல், அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனதைக் கொண்டாடி நியூயார்க்கின் குரோலியர் கிளப்பில் அவருடைய வேலைகளை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். பழைய பிரதிகள் இன்னும் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. விலை கேட்டால் தலை சுற்றும். ஆனா ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டுகிற வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த தடவை கார்டுக்கு ஃபைல் போட உட்காரும் முன்னாடி ஒன்று பாருங்க. ஒலியைக் குறைச்சுட்டு, எங்கே வெட்டியிருக்கார், எங்கே மடிச்சிருக்கார் என்று மட்டும் பார்த்தால் போதும்.